சட்டைப்பையில் ஒரு கிளிப்

ராயப்பன் சட்டைப்பைக்குள் கையை விட்டது என்ஜின் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த தாளுக்காகத்தான். தாள் வந்தது. கூடவே ஒரு கிளிப்பும் வந்தது. பெட்ரோல் குழாயின் வாயை இறுக்கிப் பிடிக்கிற கிளிப், சுண்டுவிரலில் மாட்டினால் மோதிரம் என்று சொல்லிவிடலாம், திருகில் கடையின் எண்ணெய்ப் பிசுக்குகூடப் போகாத புதுசு. நீ எங்கே இங்கே என்று கேட்பதுபோல அதைப் பார்த்தான். முன்னால் மூன்று வண்டிகள், அதற்கும் முன்னால் அட்டையும் பேனாவுமாகப் பிரேக் இன்ஸ்பெக்டர், ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானம் முழுக்கப் பத்தரை மணி வெயில். முதுகுக்குப் பின்னால் என்ஜின் டுபுடுபுவென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் நளாயினி சிஸ்டர், பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர், இந்தப் பழைய காருக்குச் சொந்தக்காரர், மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "தாள் இருக்குதுங்களா ராயப்பன்?" என்றார். "இருக்குதுங் சிஸ்டர்" என்று தாளை நீட்டிவிட்டு, கிளிப்பை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான்.

எத்தனை வாங்கினோம்? அது தெரிந்தால் போதும். ஐந்தா, ஆறா. இணைப்புகள் ஐந்து. டேங்கின் அடியில் ஒன்று, பம்புக்கு வருகிற குழாயில் ஒன்று, பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிறதில் இரண்டு, அப்புறம் என்ஜினுக்கு அந்தப்புறம், தகரத்துக்குப் பின்னால், கியர்பாக்ஸின் தலைக்கு மேலே, இரும்புக் குழாயும் ரப்பர் குழாயும் சேருகிற இடத்தில் ஒன்று. ஆறு வாங்கியிருந்தால் இது உபரி, வீட்டுக்குப் போய் டப்பாவில் போட்டுவிடலாம். ஐந்து வாங்கியிருந்தால் இது உபரி இல்லை. கடைக்காரர் பேச்சு சுவாரஸ்யத்தில் ஒன்று கூடப் போட்டிருக்கலாம். அவரா? பத்து வருஷத்தில் ஒரு வாஷர் கூடப் போட்டதில்லை. பொட்டலத்தைப் பட்டறை மேசையில் கொட்டியபோது எத்தனை விழுந்தது? விழுந்த சத்தம் காதில் இருக்கிறது, எண்ணிக்கை இல்லை. டேங்கின் அடியில் மாட்டியது ஞாபகம் இருக்கிறது, விரல் நகம் பெயர்ந்தது. கார்புரேட்டரில் மாட்டியதும் ஞாபகம் இருக்கிறது. பம்பு, ஆமாம், ஸ்க்ரூடிரைவர் நழுவிக் கீழே விழுந்ததே. அந்தக் கடைசி இணைப்பு? அங்கே போய் நினைவு ஒவ்வொரு முறையும் வழுக்கியது. மறுபடியும் டேங்கிலிருந்து ஆரம்பித்தான், நகம், கார்புரேட்டர், ஸ்க்ரூடிரைவர், அப்புறம் ஒன்றுமில்லை. முன்னால் நின்ற வெள்ளைக் கார் நகர்ந்தது. அவனும் கிளட்சை விட்டு ஒரு வண்டி நீளம் நகர்ந்தான்.

சிஸ்டர் தாளை வெயிலுக்குப் பிடித்து எண்களை ஒவ்வொன்றாக ஆர்.சி.யோடு ஒத்துப்பார்த்துக்கொண்டிருந்தார். போன முறை இந்த எண்ணால்தான் திரும்பிப் போனார்கள். எவனோ என்ஜின் மேலேயே பெயின்ட் அடித்து வைத்திருந்ததில் எண் தெரியவில்லை. அதற்கு முந்தின முறை ஹாரன், வைப்பர், கை பிரேக். அந்த முதல் தடவைதான் இன்ஸ்பெக்டர் முன்மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளே ஸ்டெப்னி டயரைப் பார்த்துத் திகைத்து, "என்ஜின் எங்கய்யா?" என்றார். பின்னால் கூட்டிப்போய்க் காட்டினதும், "தண்ணி எங்க ஊத்துவீங்க?" "தண்ணி கிடையாதுங் சார், காத்துலயே ஆறிக்கும்." வரிசையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். இரண்டாம் முறை அவர் சிரிக்கவில்லை. மூன்றாவது தடவையும் குறையோடு வந்தால் ஓடத் தகுதியில்லை என்று எழுதி அனுப்பிவிடுவேன், அப்புறம் இரும்புக் கடைதான் என்றார். சிஸ்டர் அன்று முகத்தில் எதையும் காட்டவில்லை. போத்தனூரைச் சுற்றிப் பதினோரு வீடுகளில் படுக்கையோடு கிடப்பவர்களுக்குப் போய்ப் புண் துடைத்துக் கட்டுப்போடுகிறார், ஆட்டோக்காரர்கள் வர மாட்டேன் என்கிற தோட்டத்து வீடுகள் அதில் பாதி. அதற்காகத்தான் இந்த வண்டி. வளைந்த முதுகைப் பார்த்து ஊர் மொத்தமும் ஆமை என்று கூப்பிடுகிற, ஆறு வருஷம் டாக்டர் ஒருவரின் ஷெட்டில் உட்கார்ந்தே இருந்த வண்டி. என்ஜினை இறக்கி, நான்கு சிலிண்டரையும் பிரித்து, எலி கூடு கட்டியிருந்த விசிறிக் கூண்டைக் கழுவி, மூன்று மாதம் பாடுபட்டு இவன் ஓட வைத்திருக்கிறான். சூடு எவ்வளவு என்று காட்டுகிற முள்கூட இதில் கிடையாது. அதையெல்லாம் ஓட்டுகிறவன் மோந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். மோந்து. உள்ளங்கையில் கிளிப் வியர்த்தது.

மூக்கு ராயப்பன் என்றால்தான் போத்தனூரில் தெரியும். வெறும் ராயப்பன் என்று விசாரித்தால் மாதா கோயில் உபதேசியார் வீட்டைக் காட்டிவிடுவார்கள். வண்டி பட்டறை வாசலில் வந்து நிற்கும்போதே, இறங்குகிறவர் வாயைத் திறக்குமுன்பே, கிளட்ச் பிளேட் என்பான், வயர் கருகுது என்பான், ஹெட்டுல ஆயில் கசியுது என்பான். ஒருமுறை ஒரு அம்பாஸடருக்குள் தலையை விட்டு, சீட்டுக்கடியில் செத்த பல்லி என்றான், எடுத்துப் பார்த்தார்கள், இருந்தது. கர்வம்தான், என்ன செய்ய, அந்தக் கர்வத்தில் இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. கொரோனாவில் பதினான்கு நாள் படுத்து எழுந்தபோது ஒன்றும் தெரியவில்லை. எல்லாருக்கும் வந்துவிடும், வந்துவிடும் என்றார்கள். பத்து நாள், ஒரு மாதம், ஒரு வருஷம். அவனுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறி வாயில் சூடாக இருந்தது, அவ்வளவுதான். முதல் மழை வெறும் ஈரமாக இருந்தது. அடுப்பில் பால் பொங்கி, அடிப்பிடித்துக் கருகுகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். "ஏனுங், மூக்கு என்ன அவுசாரி போயிருச்சா?" என்று லூர்து கத்தினாள். ஆமாம் லூர்து, போய்விட்டது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். கட்டிய பெண்டாட்டிதானே. ஏதோ யோசனைல இருந்துட்டேன் என்றான். அப்படித்தான் முதல் பொய். அப்புறம் பட்டறையில் அதுவே ஒரு வித்தையாகிவிட்டது. வருகிறவரின் மூக்கைப் பார்ப்பான். அது சுருங்கினால் தானும் சுருக்குவான். "எப்ப இருந்துங் இந்த வாசம்?" என்று கேட்டால், அவர்களே "ரெண்டு நாளா, கருகின மாதிரி" என்று எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். "கிளட்ச்சுதானுங்" என்பான். மூக்குன்னா மூக்குதான் ராயப்பா என்று மெச்சிவிட்டுப் போவார்கள். அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கும்.

இறங்கிப் பார்த்துவிடு. ஒரு நிமிஷ வேலை. வண்டிக்கடியில் படுத்து டார்ச் அடித்தால் அந்த இணைப்பு தெரியும். ஆனால் இங்கேயா, இத்தனை பேர் முன்னாலா. இரண்டு வண்டி தள்ளி உக்கடத்து நஞ்சப்பன் நிற்கிறான், அவனும் மெக்கானிக், இவனிடம் தொழில் பழகாமலே இவனை அண்ணன் என்று கூப்பிடுகிறவன், வாயில் பூட்டில்லாதவன். "ஏனுங்ண்ணா, நீங்க எதுக்குங் படுத்துப் பாக்கறீங்? நின்ன எடத்துல மோந்து சொல்லீருவீங்களே" என்பான். கிண்டலுக்குச் சொல்ல மாட்டான், மெய்யாகவே கேட்பான், அதுதான் கொடுமை. சாயங்காலத்துக்குள் உக்கடம், குறிச்சி, சுந்தராபுரம் எல்லாப் பட்டறைக்கும் தெரிந்துவிடும். அப்புறம் யார் வருவார்கள்? மூக்கில்லாத மூக்கு ராயப்பனிடம் யார் வண்டியை விடுவார்கள்? அதுவுமில்லாமல் சூட்டில் அணைத்தால் இது திரும்பக் கிளம்ப அடம்பிடிக்கும், இன்ஸ்பெக்டர் வரும்போது கிளம்பாத வண்டியாக நின்றால் கதை முடிந்தது. இதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். நியாயமான காரணங்களாகவே வருகிறது, அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒருவேளை ஒன்றுமே இருக்காது. ரப்பர் புதுசு, கிளிப் இல்லாமலே கவ்விக்கொண்டு நிற்கும். எத்தனை நேரம்? கொதிக்கிற என்ஜினுக்குப் பக்கத்தில், இந்த நடுக்கத்தில், எத்தனை நேரம்? சொட்டினால் கியர்பாக்ஸ் மேல் சொட்டும். அதிலிருந்து ஒரு சாண் தள்ளி சைலன்சரின் சூட்டுக் குழாய். பின்சீட்டுக்கடியில் பேட்டரி. சிஸ்டர் பக்கத்துக் கதவு உள்ளிருந்து திறக்காது, வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும், அதைச் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தான். முன்னால் நின்ற கார் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. இன்னும் இரண்டு.

சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லையே. அதைப் பிடித்துக்கொண்டான். நர்ஸ் மூக்கு, முப்பத்தாறு வருஷம் டெட்டாலிலும் சீழிலும் பழகின மூக்கு, பெட்ரோல் ஒரு சொட்டு கசிந்திருந்தாலும் இந்நேரம் கைக்குட்டையை எடுத்திருப்பார். ஓரக்கண்ணால் பார்த்தான். மூக்கு சுருங்கவில்லை. முகம் சாந்தமாக இருந்தது. பட்டறையில் மூன்று வருஷமாகச் செய்கிற அதே வேலையை இங்கேயும் செய்கிறோம், அடுத்தவர் மூக்கை எட்டிப் பார்த்துத் திருடுகிறோம் என்று தோன்றியது. பரவாயில்லை, திருடியே பிழைத்துக்கொள்ளலாம், இன்றைக்கு ஒருநாள். மூச்சு சீரானது. அப்போதுதான், தேடாமல் விட்டபோதுதான், குழாய்களை மாற்றிய வியாழக்கிழமை வந்து எதிரே நின்றது. வண்டிக்கடியில் மல்லாந்து படுத்திருக்கிறான். கடைசி ரப்பர் குழாயை இரும்பின் மேல் ஏற்றிவிட்டான். கிளிப் விரலிடுக்கில். திருகு சின்னது, கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை, அப்புறம் போடலாம் என்று கிளிப்பைச் சட்டைப்பைக்குள் போட்டான். கண்ணாடியை எடுக்க நகருமுன் பழக்கதோஷத்தில், இருபத்தைந்து வருஷப் பழக்கத்தில், முகத்தை உயர்த்தி அந்த இணைப்பை மோந்தான். எந்த வேலையையும் அவன் முடிப்பது அப்படித்தான், கண்ணால் இல்லை, மோந்துவிட்டால் முடிந்தது. மோந்தான். வாசமில்லை. கசிவில்லை, சரி, ஆயிற்று என்று மனசு டிக் போட்டுவிட்டது. எழுந்து, கையைத் துடைத்து, டீ குடிக்கப் போனான். எதை மோந்தாலும் வாசமில்லாத மூக்கு, எல்லாவற்றுக்கும் பாஸ் போட்டுவிடுகிற மூக்கு, அதை நம்பி எழுந்து போயிருக்கிறான். ஐந்துதான் வாங்கினான். ஐந்தாவது கையில் இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் வெள்ளைக் காரின் விளக்குகளைப் போட்டுப் போட்டு அணைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்தது இவன். இவ்வளவு நேரம் ஓடி ஒன்றும் ஆகவில்லையே, இன்னும் பத்து நிமிஷம் ஆகாமலா இருக்கும், கையெழுத்து விழுந்ததும் நேரே பட்டறைக்குப் போய்ப் படுத்து மாட்டிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. பத்து நிமிஷம். சிஸ்டர் மூக்குதான் இருக்கிறதே காவலுக்கு. கேட்டுவிடலாமா? சும்மா, பேச்சுவாக்கில். உதடு காய்ந்திருந்தது. "ஏனுங் சிஸ்டர், பெட்ரோல் வாசம் ஏதாச்சும் வருதுங்களா?" குரல் சாதாரணமாகத்தான் வந்தது. சிஸ்டர் ஃபைலிலிருந்து நிமிர்ந்தார். "எனக்கா?" என்று சிரித்தார். "எனக்கு மூக்கு போயி மூணு வருசமாச்சுங்க ராயப்பன். கொரோனா வார்டுல டூட்டி பாத்தேன்ல, அதுல போனது. உங்களுக்குச் சொன்னதில்லையா?" சிஸ்டரே தொடர்ந்தார். "முன்னெல்லாம் வாசத்துலயே புண்ணு முத்திருச்சா ஆறுதான்னு சொல்லீருவேன். இப்ப வீட்டுல இருக்கறவங்களக் கூப்பிட்டு, கொஞ்சம் மோந்து சொல்லுங்கம்பேன். கேட்டா சொல்லிடறாங்க." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு ஒண்ணும் வரலைல்லங்க? உங்க மூக்க நம்பித்தான் நான் நிம்மதியா உக்காந்திருக்கேன்" என்றார்.

கேட்டா சொல்லிடறாங்க. இவ்வளவுதானா. மூன்று வருஷமாக அவன் எத்தனை மூக்குகளை ஒளிந்து ஒளிந்து பார்த்திருப்பான், எத்தனை ராத்திரி லூர்து பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவள் தலையில் பூ இருக்கிறதா இல்லையா என்று கையால் தடவித் தெரிந்துகொண்டிருப்பான். கேட்டா சொல்லிடறாங்க. இரண்டு செத்த மூக்குகள் ஒன்றையொன்று நம்பிக்கொண்டு ஒரு டேங்க் பெட்ரோலோடு வெயிலில் உட்கார்ந்திருக்கின்றன. சிரிப்பு வரவேண்டிய விஷயம். வெள்ளைக் கார் கிளம்பிப் போனது. இன்ஸ்பெக்டர் அட்டையைப் புரட்டிக்கொண்டே இவர்களை நோக்கி வந்தார். பத்து நிமிஷம்தான் என்று உள்ளே ஏதோ ஒன்று கடைசியாகச் சொல்லிப் பார்த்தது. ராயப்பன் சாவியைத் திருப்பி அணைத்தான். திடீரென்று மைதானம் அமைதியாகிவிட்டது போலிருந்தது. இறங்கிச் சுற்றி ஓடி, வெளியிலிருந்து கதவைத் திறந்து, "இறங்குங் சிஸ்டர், அப்படித் தள்ளிப் போய் நில்லுங்" என்றான். "என்னய்யா, நான் வர்றப்ப அணைக்கிற? ஓடாதா?" என்றார் இன்ஸ்பெக்டர். "ஓடுமுங் சார்." நஞ்சப்பன் வேடிக்கை பார்க்க நகர்ந்து வந்தான், இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். வரட்டும். "சார், எனக்கு வாசம் தெரியாதுங். மூணு வருசமாத் தெரியாது. அடியில ஒரு கிளிப்பு போட மறந்துட்டேன்னு நெனைக்கறேன். பெட்ரோல் கசியுதான்னு கொஞ்சம் மோந்து சொல்லோணுமுங்."

யாரும் சிரிக்கவில்லை. அவன் எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற சிரிப்பு வரவே இல்லை. இன்ஸ்பெக்டர் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வண்டியின் பக்கவாட்டில் குனிந்தார், குனிந்த வேகத்தில் நிமிர்ந்தார். "யோவ், தள்ளுங்கய்யா எல்லாரும். பீடிய அணை அங்க." அவர் முகம் வெளுத்திருந்தது. நஞ்சப்பன் குனிந்து மோந்து, "அய்யோ அண்ணா" என்றான், அவ்வளவுதான் சொன்னான். ஆளாளுக்குப் பிடித்து வண்டியை மைதானத்து ஓரத்துக்குத் தள்ளினார்கள். யாரோ மண் அள்ளிப் போட்டார்கள். ராயப்பன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடியில் படுத்தான். ரப்பர் குழாய் பாதி நழுவி, இரும்பின் நுனியைக் கடித்துக்கொண்டு தொங்கியது. அதன் உதட்டிலிருந்து ஒரு சொட்டு திரண்டு, நீண்டு, அவன் கன்னத்தில் விழுந்தது. சில்லென்று இருந்தது. அதற்கு வாசமே இல்லை. இதுவா, இவ்வளவு சாதுவாக விழுகிற இதுவா என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அடியில் படுத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. குழாயை ஏற்றி, கிளிப்பை மாட்டி, திருகை இறுக்கினான். பழக்கத்தில் முகம் தானாக இணைப்பை நோக்கி உயர்ந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"கடைசி ஆளா வரிசையில வந்து நில்லு" என்று இன்ஸ்பெக்டர் அதற்குள் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "நான் பாஸ் போடறது வண்டிக்குத்தான், உன் மூக்குக்கு இல்ல. வண்டி சரியா இருந்தா போடறேன்." சிஸ்டர் ஒரு துணியை நீட்டினார், கன்னத்தைத் துடைத்துக்கொள்ள. "ஏன் ராயப்பன் எங்கிட்டச் சொல்லல?" என்றார். "நீங்களும் சொல்லலீங்களே சிஸ்டர்." "நீங்க கேக்கலையே." சொல்லிவிட்டு, உள்ளிருந்து திறக்காத தன் பக்கத்துக் கதவைப் பார்த்தார், அதைத் திறந்தே வைத்துக்கொண்டு, ஏறி உட்கார்ந்தார். "நீங்க வெளிய நில்லுங் சிஸ்டர்." "அதெல்லாம் வேண்டாம், போடுங்க." அடியெல்லாம் துடைத்துக் காயவிட்டு அரைமணி ஆகியிருந்தது. பேட்டரியை மாட்டி, சாவியில் கையை வைத்தான். ஆனால் கை திருப்பவில்லை. துடைத்துவிட்டோமா, எல்லாம் ஆவியாகிப் போய்விட்டதா, இன்னும் எங்காவது தேங்கி நிற்கிறதா, இதையெல்லாம் யார் சொல்வது? வெளியே தலையை நீட்டினான். "நஞ்சப்பா." வந்தான். "எனக்கு ஒரு வேலை செய்யி. பின்னாடி குனிஞ்சு நல்லா மோந்து பாரு. நெஞ்சறிய சொல்லு. நீ சொல்றதத்தான் நம்பப் போறேன்." நஞ்சப்பன் தயங்கினான். "என்ன நம்பியாங்ண்ணா?" "ஆமா. உன்ன நம்பித்தான்."

பக்கத்துக் கண்ணாடியில் பாதி நஞ்சப்பன் தெரிந்தான், ஒரு கண், ஒரு காது, முழு மூக்கு. குனிந்தான். வெகுநேரம் குனிந்திருந்தான். அவன் மூக்கு சுருங்குகிறதா என்று ராயப்பன் பார்க்கவில்லை, வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் திறந்தது. "ஒண்ணும் வரலீங்ண்ணா. போடுங்." அவனுக்கு வாசம் சரியாகத் தெரியுமா, அவனும் மறைக்கிறானா, இந்த வெயிலில் யார் மூக்கை நம்புவது என்று மனசு ஒரு சுற்று சுற்றி வந்தது. பக்கத்தில் சிஸ்டர் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்து உட்கார்ந்திருந்தார். ராயப்பன் சாவியைத் திருப்பினான்.